திருமுக்கூடல் மாணவர் உறைவிடம்

திருமுக்கூடல் மாணவர் உறைவிடம் என்பது கி.பி. 11 ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலைச் சார்ந்து இயங்கிய உறைவிடக் கல்வி நிலையம் ஆகும். முதலாம் வீரராசேந்திர சோழனின் 5 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1067-68) இதனைப் பற்றிய விரிவான செய்திகளைத் தருகின்றது. மாணவர்க்கான உணவு, படுக்கப் பாய், தலைக்கு எண்ணெய், இரவில் விளக்கு, நோயுற்றால் மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் தனித்தனியே நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. இடைக்காலத் தமிழகத்தில் மாணவர் ஒருவரைத் தங்கவைத்துப் படிப்பிக்க என்னென்ன தேவைப்பட்டன, அவற்றுக்கான செலவை யார் ஏற்றனர், அவ்வசதி யாருக்குக் கிடைத்தது என்பவற்றை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அமைவிடம்

திருமுக்கூடல், காஞ்சிபுரம் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், வாலாசாபாத்துக்கு அருகில் அமைந்துள்ளது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடமாதலால் இவ்வூர் இப்பெயர் பெற்றது. ஆற்றின் மறுகரையில் பழையசீவரம் உள்ளது. மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வரும் பார்வேட்டை விழா இன்றும் நடைபெற்று வருகின்றது.

பின்னணி: காஞ்சிக் கடிகை

பல்லவர் காலத்திலேயே காஞ்சிபுரம் கல்விக்குப் பெயர் பெற்ற நகரமாக இருந்தது. அங்கிருந்த உயர்கல்வி நிலையம் கடிகை எனப்பட்டது. கருநாடகத்திலுள்ள தாளகுண்டாக் கல்வெட்டு, கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மனுடன் காஞ்சிக் கடிகையில் கற்க வந்ததைக் கூறுகின்றது. அங்கே பல்லவரின் குதிரை வீரர் ஒருவருடன் ஏற்பட்ட பூசலால் அவன் கல்வியைக் கைவிட்டு வாளேந்தினான் என்பதும் அக்கல்வெட்டுச் செய்தியாகும். தொலைவிலுள்ள நாடுகளிலிருந்தும் மாணவர் காஞ்சிக்கு வந்து தங்கிப் படித்தனர் என்பதை இதனால் அறியலாம்.

கந்தசிசியன் என்னும் பல்லவ அரசன் சத்தியசேனன் என்பவனிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்றும், பின்னர் இராசசிம்மன் கடிகையை மீண்டும் நிறுவினான் என்றும் வேலூர்ப்பாளையம் செப்பேடு கூறுகின்றது. அரசியலில் செல்வாக்குப் பெற்ற அமைப்பாகவும் கடிகை விளங்கியது. 8 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது கடிகையாரும் அதில் பங்கு கொண்டதை வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு குறிப்பிடுகின்றது.

சோழர் காலத்தில் கல்வி நிலையங்கள் கோயில்களையும் பிரமதேய ஊர்களையும் சார்ந்து வளர்ந்தன. காஞ்சியை அடுத்த திருமுக்கூடலில் இயங்கிய உறைவிடம் அவ்வகையைச் சார்ந்தது.

கல்வெட்டு

இந்நிலையத்தைப் பற்றிய கல்வெட்டு 1915 ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினரால் பதிவு செய்யப்பட்டது. பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனைப் பதிப்பித்தார். கோயிலின் வழிபாடு, திருவிழாக்கள், திருவாய்மொழி ஓதுதல், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கான செலவுகள் இதில் வரிசையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. அமைப்பில் இது ஓர் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஒத்தது.

மாணவர்க்கு உணவளிப்பதும் கற்பிப்பதும் கோயிலிலிருந்த சனநாத மண்டபத்தைச் சார்ந்து நடைபெற்றன.

மாணவரும் பாடங்களும்

கல்வி நிலையத்தில் நாள்தோறும் உணவு பெற்றோர் 60 பேர் ஆவர். அவர்களின் பிரிவு வருமாறு:

- இருக்கு வேதம் கற்போர்: 10
- யசுர் வேதம் கற்போர்: 10
- வியாகரணமும் ரூபாவதாரமும் கற்போர்: 20
- மகாபாஞ்சராத்திரர்: 10
- சிவப்பிராமணர்: 3
- வைகானசரும் பிற துறவியரும்: 7

ரூபாவதாரம் என்பது பாணினியின் இலக்கணத்தைத் தொடக்க நிலை மாணவர்க்கு ஏற்ற வகையில் முறைப்படுத்தித் தரும் வடமொழி நூலாகும். இது தருமகீர்த்தி என்னும் பௌத்த அறிஞர் இயற்றியதாகக் கருதப்படுகின்றது. வைணவக் கோயிலொன்றின் உறைவிடத்தில் பௌத்தர் எழுதிய பாடநூல் கற்பிக்கப்பட்டதும், சைவரான சிவப்பிராமணர்க்கு அங்கே இடம் இருந்ததும் குறிப்பிடத்தக்கன.

ஆசிரியர் ஊதியம்

வேத ஆசிரியர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பதக்கு நெல் வழங்கப்பட்டது. இது ஆண்டுக்கு 60 கலம் ஆகும். இதனுடன் 4 காசும் அளிக்கப்பட்டது. இலக்கண ஆசிரியர் இதைப் போல் இரு மடங்காக 120 கலம் நெல்லும், 10 காசும் பெற்றார். வேதத்தை மனப்பாடமாக ஓதுவிப்பதைக் காட்டிலும் இலக்கணத்தை விளக்கிக் கற்பிப்பது கூடுதல் ஊதியத்துக்குரிய பணியாக மதிக்கப்பட்டது என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

அக்கால முகத்தல் அளவைகள் பின்வருமாறு: 8 நாழி கொண்டது ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். எனவே ஒரு கலம் என்பது 96 நாழியாகும்.

உண்டியும் உறையுளும்

மாணவர்க்கு உணவுடன் வேறு பல தேவைகளும் நிறைவு செய்யப்பட்டன. படுப்பதற்குப் பாய்கள், சனிக்கிழமைகளில் எண்ணெய் நீராட்டுக்கு வேண்டிய எண்ணெய், இரவில் எரிக்கும் விளக்குக்கு எண்ணெய் ஆகியன கல்வெட்டில் தனித்தனிச் செலவினங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. சனிக்கிழமையில் ஆண்கள் எண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கம் தமிழகத்தில் அண்மைக் காலம் வரை பரவலாக இருந்து வந்ததாகும். வீட்டில் பெற்றோர் கவனித்துச் செய்யும் இவ்வழக்கம், வீட்டைப் பிரிந்து வந்த மாணவர்க்கும் விட்டுப் போகாத வகையில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

வீரசோழன் ஆதுலசாலை

கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலசாலை ஒன்றும் இருந்தது. ஆதுலசாலை என்பது மருத்துவமனையைக் குறிக்கும் பழைய சொல்லாகும். மாணவரும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் தங்கி மருத்துவம் பெற இங்கு 15 படுக்கைகள் இருந்தன. நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி ஒதுக்கப்பட்டது.

இதன் பணியாளர்கள் வருமாறு:

- நாடி பார்த்து மருத்துவம் செய்யும் மருத்துவர் ஒருவர்
- அறுவை மருத்துவம் செய்யும் சல்லியக் கிரியை பண்ணுவான் ஒருவர்
- பச்சிலைகளும் விறகும் கொணரும் பணியாளர் இருவர்
- நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர்
- நாவிதர் ஒருவர்
- தண்ணீர் கொணர்வோர் ஒருவர்

மருத்துவராகக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் பணிபுரிந்தார். இவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வழங்கப்பட்டன. இலக்கண ஆசிரியரின் ஊதியத்தைவிட இது குறைவு; வேத ஆசிரியரின் ஊதியத்தைவிட மிகுதி.

ஓராண்டுத் தேவைக்கெனச் சேமித்து வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாணக லவணம் ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் பல ஆயுர்வேத நூல்களில் காணப்படும் மருந்துகளாகும்.

வருவாய்

கோயிலின் செலவுகளுக்காக வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டிருந்தது. வழிபாடு, விழா, கல்வி, மருத்துவம் ஆகிய அனைத்துக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 3,243 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல்லும், 216½ காசும் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு செலவினத்துக்கும் உரிய அளவைக் கல்லில் வெட்டி வைத்தமையால், பின்வரும் நிருவாகிகள் ஒன்றற்குரிய பொருளை மற்றொன்றற்குச் செலவிடுவது கடினமாயிற்று. விடுதிக்கென ஒதுக்கிய பொருள் மாணவரைச் சென்றடைய வேண்டுமென்பதில் அக்காலத்தினர் கொண்டிருந்த கவனத்தை இது காட்டுகின்றது.

பிற உறைவிடங்களுடன் ஒப்பீடு

எண்ணாயிரம்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இயங்கிய கல்லூரி, திருமுக்கூடலைவிடப் பன்மடங்கு பெரியது. இங்கு 340 மாணவர் பயின்றனர். இவர்களுள் 270 பேர் இளநிலையினர். 70 பேர் மேல்நிலையினர். இளநிலை மாணவர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மேல்நிலை மாணவர்க்கு 10 நாழி நெல்லும் வழங்கப்பட்டன. இக்கணக்கின்படி மாணவர்க்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி, அதாவது 24 கலமும் ஒரு பதக்கும் நெல் தேவைப்பட்டது.

சோழர் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் கணக்கு காணப்படுகின்றது. இதன்படி 6 நாழி நெல்லிலிருந்து 2.4 நாழி அரிசி கிடைக்கும். திருமுக்கூடல் ஆதுலசாலையில் நோயாளிக்குக் கொடுத்த அரிசியைவிட இது இரு மடங்குக்கும் மிகுதியாகும்.

திரிபுவனை

புதுச்சேரியை அடுத்த திரிபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில் (கி.பி. 1048) 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்தது. இதற்கு 72 வேலி நிலம் அளிக்கப்பட்டிருந்தது. இங்கிருந்த ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்களிக்கப்பட்டனர். படிப்புக்கு இடையூறு நேராதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

பார்த்திவசேகரபுரம்

கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரம் சாலையை ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 இல் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இது 95 மாணவர்க்குரியது. மாணவர் இங்கு சட்டர் எனப்பட்டனர். விடுதி ஒழுங்குவிதிகள் இச்சாலையின் செப்பேட்டில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பிறரை இழித்துப் பேசுவோர்க்கும் அடிப்போர்க்கும் தண்டம் உண்டு. படைக்கலம் வைத்திருத்தலும், விடுதியில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளுதலும் தடை செய்யப்பட்டிருந்தன. இத்தகைய விதிகள் தேவைப்பட்டமையிலிருந்து, இளைஞர் பலர் ஒருங்கே வாழும் இடங்களில் எழும் பூசல்கள் அக்காலத்திலும் இருந்தமை புலனாகும்.

சேர்க்கை வரம்பு

திருமுக்கூடலிலும் மேற்கூறிய பிற நிலையங்களிலும் கற்பிக்கப்பட்டவை வேதமும் அதனைச் சார்ந்த வடமொழிச் சாத்திரங்களும் ஆகும். எனவே இவ்வுறைவிடங்களில் தங்கிப் பயிலும் வாய்ப்பு பிராமண ஆண்களுக்கே கிடைத்தது. விடுதிக்கான நெல்லை விளைவித்த உழவர் குடிகளின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

காஞ்சி நகரின் நெசவாளர் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்க்கு வரிவிலக்கு அளித்து, ஊரகம் கோயிலின் பொருளை நிருவகிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்ததைக் கூறுகின்றது. கோயிற் கணக்கைப் பார்க்குமளவுக்கு நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உரியோராக அவர்கள் கருதப்பட்டனர். ஆயினும் கோயில்களைச் சார்ந்த வேதக் கல்வி உறைவிடங்கள் அவர்களின் பிள்ளைகளுக்கு உரியனவாக இருக்கவில்லை. நெசவுத் தொழில் தறியடியிலேயே தந்தையிடமிருந்து மகனுக்குக் கற்பிக்கப்பட்டது.

பிற்காலம்

மாணவர் விடுதியில் யாருக்கு இடம், யார் யாருடன் அமர்ந்து உண்பது என்னும் வினாக்கள் 20 ஆம் நூற்றாண்டில் அரசியற் சிக்கலாக உருவெடுத்தன. வ. வே. சு. ஐயர் திருநெல்வேலிப் பகுதியில் 1922 இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம், பின்னர் சேரன்மாதேவியில் இயங்கியது. காங்கிரசின் நிதியுதவியும் இதற்குக் கிடைத்தது. இக்குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது தெரியவந்தபோது, பெரியார் ஈ. வெ. இராமசாமி, வரதராசுலு நாயுடு முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததையடுத்துப் பெரியார் அக்கட்சியிலிருந்து வெளியேறினார். அதற்கு முன்னரே அவருக்கும் காங்கிரசுத் தலைவர்களுக்கும் இடையே விரிசலை உண்டாக்கியவற்றுள் குருகுலச் சிக்கலும் ஒன்றாகும்.

இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோர்க்கான விடுதிகளை அரசு நடத்தி, உணவும் உறைவிடமும் கட்டணமின்றி அளிக்கின்றது. இவ்விடுதிகள் சமூகநீதி விடுதிகள் என ஒரே பெயரால் அழைக்கப்படும் என 2025 சூலையில் அரசு அறிவித்தது. திருமுக்கூடலில் காணப்பட்ட பொதுப்பொருளால் நடத்தப்படும் விடுதி என்னும் முறை இவற்றிலும் தொடர்கின்றது. சேர்க்கை வரம்பு மட்டும் முற்றிலும் மாறியுள்ளது.

கோயிலின் இன்றைய நிலை

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாணவர் உறைவிடத்தையும் ஆதுலசாலையையும் பற்றிக் கூறும் கல்வெட்டு கோயிலின் சுற்றுச் சுவரில் காணப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- காஞ்சிக் கடிகை
- காந்தளூர்ச் சாலை
- எண்ணாயிரம்
- வீரராசேந்திர சோழன்
- சேரன்மாதேவி குருகுலம்