பெயரும் பொருளும்

உலகிற்கு வரும் குழந்தை தனக்கென ஒன்றும் கொண்டு வருவதில்லை. உடுக்கும் உடையும், உறங்கும் தொட்டிலும், உண்ணும் பாலும் பிறர் தருபவையே. அவற்றுள் உடை சில திங்களில் சிறிதாகிவிடும். தொட்டிலோ ஈராண்டில் பயனற்றுப் பரண் ஏறிவிடும். ஆயின், பெற்றோர் தரும் ஒன்று மட்டும் அக்குழந்தை முதுமை எய்தும் வரையில் அதனை விட்டு நீங்காது. அதன் வாழ்நாள் முடிந்த பின்னரும் பிறர் நாவில் நின்று நிலவும். அதுவே பெயர். இத்துணை நெடுங்காலம் நிற்கும் ஒன்றினைத் தேர்ந்தளிக்கும்போது, பொருளறிந்து அளித்தல் வேண்டுமன்றோ?

நம் முன்னோர் பெயரிடுதலை ஒரு கடமையாகவே கருதினர். மகனுக்குப் பிறந்த ஆண்மகவுக்குப் பாட்டனின் பெயரை இடுதல் தமிழர் வழக்கம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின், அவன் ‘பெயரன்’ எனப்பட்டான். அச்சொல்லே ‘பேரன்’ என மருவிற்று. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னரிடத்தும் இவ்வழக்கத்தைக் காணலாம். முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். நரசிம்மவர்மன் தன் மகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டான். அம்மகனே இரண்டாம் மகேந்திரவர்மன். இவ்வாறு பெயர் வழியாக முன்னோர் நினைவு தலைமுறைதோறும் தொடர்ந்து வந்தது.

பெற்றோர் இடும் பெயரேயன்றி, ஒருவன் தன் செயலால் ஈட்டும் பெயரும் உண்டு. நரசிம்மவர்மன் மற்போரில் வல்லவனாதலின் ‘மாமல்லன்’ எனப் புகழப்பெற்றான். கி.பி. 642-ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை வென்று ‘வாதாபி கொண்டவன்’ என்னும் சிறப்பையும் பெற்றான். இன்று கடற்கரையில் கற்கோயில்களைக் காணச் செல்லும் நாம், ‘மாமல்லபுரம்’ என்று சொல்லும் போதெல்லாம் அவன் ஈட்டிய பெயரையே சொல்கின்றோம். இட்ட பெயர் தொடக்கம். ஈட்டிய பெயரே முடிவு என்பதை அவ்வூர் நமக்கு உணர்த்துகின்றது.

சில பெயர்கள் கேட்பதற்கு எளியனவாகத் தோன்றும். ஆனால், அவற்றின் உள்ளே பேரன்பு மறைந்திருக்கும். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்னும் பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முன்பு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து போயின், பின்னர்ப் பிறந்த மகவைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி, அங்கிருந்து எடுத்து வந்து அப்பெயரை இடுவர். ‘இது குப்பையில் கிடைத்த பொருள், இதனைக் கூற்றுவன் விரும்பான்’ என்பது அவர்தம் நம்பிக்கை. நம்பிக்கை பொருந்தாததாயினும், ‘இக்குழந்தையேனும் பிழைத்திருத்தல் வேண்டும்’ என்று ஏங்கிய தாயின் உள்ளத்தை யாரே இகழ்வர்?

இதற்கு முற்றிலும் மாறான வழக்கம் ஒன்றும் உண்டு. வட தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், பெண் குழந்தைகள் பல பிறந்த வீட்டில் இறுதியாகப் பிறந்தவளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிட்டனர். அவ்வாறு இட்டால் அடுத்த மகவு ஆணாகப் பிறக்கும் என்று எண்ணினர். பள்ளியில் ஆசிரியர் அப்பெயரைப் படிக்கும் ஒவ்வொரு நாளும், ‘நீ வேண்டப்படாதவள்’ என்னும் சொல் அச்சிறுமியின் செவியில் விழுமன்றோ? ஒரே ஒரு சொல் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஆறாப் புண்ணை உண்டாக்க வல்லது. குப்பம்மாள் என்னும் பெயரில் அன்பு உண்டு. ‘வேண்டாம்’ என்னும் பெயரில் அஃது இல்லை. பெயரின் பெருமை அதன் ஓசையிலன்று, இடுவோர் உள்ளத்திலே உள்ளது.

பெயர் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கருவியாகவும் இருந்ததுண்டு. உழைக்கும் எளிய மக்கள் மதிப்புடைய பெயரை இட்டுக்கொள்வதைச் செல்வாக்குடையோர் பொறாத காலம் ஒன்று இருந்தது. பெயரின் இறுதியில் சாதிப் பட்டம் ஒட்டி நின்று, ‘இவர் யார்?’ என்னும் வினாவினும், ‘இவர் எக்குலத்தார்?’ என்னும் வினாவிற்கே முதலில் விடை தந்தது. இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று செங்கற்பட்டிலேயே நிகழ்ந்தது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு அங்கே கூடியது. பெயரோடு சாதிப் பட்டங்களைச் சேர்த்து வழங்குதலைக் கைவிடல் வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானம் செய்தது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சாதிப் பட்டத்தை விடுத்துத் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் தம் பெயருக்கு முன்னர் இட்டு வழங்குவது அக்காலத்து முயற்சிகளின் பயனேயாம்.

பெயரின் பொருளை ஆழ்ந்து எண்ணிய பெரியார் ஒருவரின் வரலாறும் செங்கற்பட்டு மண்ணோடு பிணைந்துள்ளது. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள மலைக்கு வேதகிரி, வேதாசலம் என்னும் பெயர்களும் உண்டு. நாகப்பட்டினத்தில் வாழ்ந்த சொக்கநாத பிள்ளையும் சின்னம்மையாரும் நெடுநாள் மகப்பேறு இன்றி, அம்மலை இறைவனை வேண்டி நோன்பிருந்தனர். 1876-ஆம் ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. வேண்டுதல் நிறைவேறிய மகிழ்ச்சியால் அதற்கு ‘வேதாசலம்’ என்று பெயரிட்டனர்.

வேதாசலம் வளர்ந்து தமிழ்ப் புலமையில் சிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். 1911-ஆம் ஆண்டு அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கு ஒருநாள் தம் மகள் நீலாம்பிகையுடன் வள்ளலார் பாடல் ஒன்றை ஓதி மகிழ்ந்தபோது, அதில் வரும் ‘தேகம்’ என்னும் சொல்லுக்கு மாறாக ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் இன்பம் மிகும் என்று அவர் கூறினார் என்பர். அவ்வெண்ணமே 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கமாக மலர்ந்தது. அவர் தம் பெயரையும் மாற்றினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, ‘சுவாமி வேதாசலம்’ என்பவர் மறைமலையடிகள் ஆனார். அவருக்கு முன்னரே சூரியநாராயண சாத்திரியார் தம் பெயரைப் ‘பரிதிமாற் கலைஞர்’ எனத் தமிழாக்கிக் கொண்டு வழிகாட்டியிருந்தார்.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அடிகள் பெற்றோர் இட்ட பெயரின் பொருளைத் துறக்கவில்லை. மொழியை மட்டுமே மாற்றினார். தாய் தந்தையர் நோன்பிருந்து வணங்கிய அம்மலை, புதிய பெயரிலும் அவ்வாறே நின்றது. தமக்கு இட்ட பெயரின் பொருளை உணர்ந்த ஒருவராலேயே இவ்வாறு செய்ய இயலும். 1950-ஆம் ஆண்டில் அடிகள் மறைந்தார். இன்று செங்கற்பட்டுக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், ‘மறைமலைநகர்’ என்னும் நகரம் அவர் பெயரால் விளங்குகின்றது. ஒரு மலையின் பெயர் குழந்தைக்கு ஆயிற்று. அக்குழந்தையின் பெயர் ஒரு நகருக்கு ஆயிற்று.

இனி, பெயர் தேரும் முறை யாது? பெயர் பொருளுடையதாதல் வேண்டும். அப்பொருளைக் குழந்தை வளர்ந்தபின் பிறர்க்கு மகிழ்ந்து எடுத்துரைக்கத் தக்கதாதல் வேண்டும். அழைப்போர் நாவுக்கும் எழுதுவோர் கைக்கும் எளிதாதல் வேண்டும். ஓசையின் புதுமை ஒன்றையே நாடிப் பொருளற்ற எழுத்துகளைக் கோத்தல் நன்றன்று. எம்மொழிப் பெயராயினும், எச்சமயத்துப் பெயராயினும், அதன் பொருளை அறிந்து இடுதலே முறை. பெயரைத் தேர்ந்தபின் அதனை அரசின் பிறப்புப் பதிவேட்டில் ஏற்றுதலும் கடமையாகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். அப்போது பெயரிடாவிடினும், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைப் பதிந்து கொள்ளலாம். எனவே, விரைந்து பிழைபட இடுவதினும் ஆய்ந்து நன்கு இடுதல் நலம்.

மாணவர்களே! இன்று இல்லம் சென்றவுடன் உங்கள் பெற்றோரை அணுகி, ‘எனக்கு இப்பெயரை ஏன் இட்டீர்கள்?’ என்று வினவுங்கள். அவர்கள் கூறும் விடையில் ஒரு பாட்டனாரின் நினைவோ, ஒரு வேண்டுதலோ, ஒரு கனவோ இருத்தல் கூடும். அதனை அறிந்து கொள்ளுங்கள். இட்ட பெயர் அவர்கள் தந்த கொடை. அதற்கு ஏற்ப வாழ்ந்து நற்பெயர் ஈட்டுதல் நீங்கள் செய்யும் கைம்மாறு.