இடையில் நின்ற படிப்பும் மருத்துவ பீடமும்

கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் திரும்பிய குடும்பங்களில், இடம்பெயர்வு காலத்தில் படிப்பை விட்டு மேசன் வேலைக்கும் கடைகளுக்கும் கடலுக்கும் போனவர்கள் பலர் இருக்கிறார்கள். முன்பள்ளியில் படிப்பிப்பவர்களும் நிறுவனங்களில் களப் பணி செய்பவர்களும் இருக்கிறார்கள். "நான் இனியும் டொக்டருக்குப் படிக்க ஏலுமா?" என்று அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் கேட்டால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அல்பேர்ட் சுவைட்சர் இறையியலும் இசையும் கற்று, பெயர் பெற்ற பிறகு, முப்பது வயதில்தான் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1913இல் ஆபிரிக்காவின் லம்பரேனேக்குப் போய் வைத்தியசாலை தொடங்கினார்.

ஆனால் எங்கள் நாட்டு வழி வேறு. கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர்கள், முதலில் ஒரு பட்டம் எடுத்துவிட்டு அதன் பிறகு மருத்துவத்துக்குப் போகலாம் என்று சொல்வார்கள். அது அங்கே சரி. இலங்கையின் அரச மருத்துவ பீடத்துக்குப் போகும் பொது வழி, க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களும் அவற்றில் எடுக்கும் இசற் புள்ளியும்தான். வேலை அனுபவத்துக்கோ வேறு பட்டத்துக்கோ அங்கே புள்ளி இல்லை. ஏற்கெனவே அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்தவர்களுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. அப்படியானவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் அந்தப் பகுதியை வாசித்த பிறகே வேலையை விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வயதை எண்ணுவதற்கு முன் தடவையை எண்ணுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதிய உயர்தரப் பெறுபேறுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முகாமில் இருந்தபோது, புத்தகமும் இல்லாமல் ஆசிரியரும் இல்லாமல் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று எழுதிய பரீட்சையும் ஒரு தடவைதான். இரண்டு தடவை ஏற்கெனவே போயிருந்தால் மிச்சம் ஒன்றே ஒன்று. அதைப் பழகிப் பார்ப்பதற்காகச் செலவழிக்க வேண்டாம். பழகுவதற்குக் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. பகுதி ஒன்றில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். பகுதி இரண்டில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், மூன்று மணித்தியாலம். வீட்டில் மணிக்கூடு வைத்து எழுதி, பாடம் தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். மூன்று பாடத்திலும் தயார் என்று திருத்தியவர் சொன்ன பிறகு விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த வருடம் மட்டும்தான் நட்டம்.

இசற் புள்ளியில் மயக்கம் வேண்டாம். ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரி 40, விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 70 எடுத்தால், 70இலிருந்து 40ஐக் கழித்து 15ஆல் பிரிக்க வேண்டும். கிடைக்கும் 2தான் உங்கள் இசற் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரியே பெறுபேற்றுத் தாளில் வரும். ஒரு பாடத்தைக் கைவிட்டு மற்ற இரண்டில் அள்ளிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே சரிவராது. பொதுச் சாதாரணப் பரீட்சை என்ற தாளும் இருக்கிறது. அதற்கு இசற் புள்ளி இல்லை, ஆனால் 30 புள்ளியாவது எடுக்காவிட்டால் அனுமதி கிடையாது.

அடுத்தது மாவட்டம். திரும்பி வந்த குடும்பங்களுக்கு அதிகம் சிக்கல் வருவது இதில்தான். மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. மன்னார் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் என்பதால், உங்கள் பெயர் எந்த மாவட்டக் கணக்கில் சேர்கிறது என்பதில் ஒரு வாழ்க்கையே திரும்பக்கூடும். புத்தளத்தில் படித்தவர், செட்டிகுளத்தில் முகாமில் இருந்தவர், பிறகு முருங்கனுக்கோ அடம்பனுக்கோ வந்தவர் என்றால் ஆணைக்குழு ஆதாரம் கேட்கும். ஆகவே படித்த ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் விடுகைப் பத்திரம் எடுத்து வையுங்கள். எங்கே எந்த ஆண்டு வசித்தீர்கள் என்பதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் தேவை. அந்தப் பாடசாலை அதிபர் மாற்றலாகிப் போவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

தொலைந்த பத்திரங்களுக்கு வழி இருக்கிறது. சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களம் மீள வழங்கும். அதற்குச் சுட்டெண்ணும் ஆண்டும் வேண்டும். சுட்டெண் மறந்திருந்தால் பழைய பாடசாலையின் பதிவேட்டில் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு விடயங்கள். அங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர், வெளிநாட்டுத் தகைமையுடன் விண்ணப்பிப்போருக்கான பகுதியைக் கைந்நூலில் தனியாகப் பார்க்க வேண்டும்.

வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் வீட்டாருடன் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காலபோக விதைப்பும் அறுவடையும் வரும்போது புத்தகம் மூலைக்குப் போய்விடும். பரீட்சை நடக்கும் மாதமும் அண்மைய ஆண்டுகளில் மாறி வந்திருக்கிறது. அதனால் பழைய நினைவில் திட்டமிடாமல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள மருத்துவ பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். படிப்பு ஐந்து ஆண்டு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அரச பீடத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அத்தனை காலமும் அந்தப் பிள்ளையின் உழைப்பு வீட்டுக்கு வராது. மகாபொல உதவிப்பணம் கிடைத்தாலும் அது வீட்டுச் செலவைத் தாங்காது.

வெளிநாட்டில் இடம் எடுத்துத் தருவதாக முகவர் ஒருவர் வந்தால், காணி உறுதியை எடுத்துக் கொடுக்கும் முன் இலங்கை மருத்துவச் சபையிடம் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபைக்குப் போதுமா என்ற இரண்டுக்கும் விடை வேண்டும். திரும்பி வந்த பிறகு சபையின் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

கடைசித் தடவைக்குத் தயாராகும் காலத்தில் வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் பார்த்து வாருங்கள். தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருந்தாளர் போன்ற பயிற்சிகளுக்குச் சுகாதார அமைச்சு அதில்தான் விண்ணப்பம் கோரும். கையிலுள்ள உயர்தரப் பெறுபேறே அவற்றில் சிலவற்றுக்குப் போதுமானதாக இருக்கலாம். இவற்றுக்கு வயதெல்லை உண்டு. மருத்துவ பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வயது கடந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருக்கிறது. ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் அதையும் விருப்ப வரிசையில் சேர்க்கலாம்.

இந்தக் கைந்நூலை வாசித்து விளங்கிக்கொள்ள உதவி வேண்டுமானால் பிரதேச செயலகத்துக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ போகலாம். போகும்போது மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராமல் பிரதிகளைக் கொடுங்கள்.