கொரங்காட்டுப் புல்லைத் தீயிலிருந்து காக்க

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் தீ பிடிக்காது என்று எண்ணுவது சரியன்று. மழை கூடினால் கொழுக்கட்டைப் புல் அடர்ந்து வளர்கிறது. தை மாதத்திற்குப் பின் அத்தனையும் காய்ந்து தீக்கு இரையாக நிற்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதி விவசாயிகளுக்கு இதுவே கோடைத் தீவனம். எரிந்துபோனால் மாட்டை விற்கும் நிலைதான். கிளுவை வேலியும் கருகினால் மீண்டும் அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

காய்ந்த புல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதே வேகத்தில் விட்டும் விடும். பருத்த விறகு உலரப் பல நாட்கள் ஆகும். மெல்லிய புல்லுக்குச் சுமார் ஒரு மணி நேரமே போதும். ஆகவே காலையில் பனியில் நனைந்து பற்றாத புல், பிற்பகல் 2 மணிக்கு ஒரு பீடித் துண்டில் பற்றிக்கொள்ளும். ஒரு பிடி புல்லை வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் அபாயம். முந்தின நாள் தூறல் விழுந்ததே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு வெயிலில் உலர்ந்துவிடும்.

காற்று வீசினால் சுடர் சாய்ந்து முன்னேயுள்ள புல்லைக் காய்ச்சுகிறது. கோடை இடிமழைக்கு முன் காற்று சட்டெனத் திசை மாறும். அப்போது ஓரமாக எரிந்த தீ முன்தீயாகிவிடும். அணைப்பவர்கள் எரிந்து முடிந்த தரைப்பக்கமிருந்தே நெருங்க வேண்டும்.

தை முடிவதற்குள் வேலியின் உட்புறம் 10 அடி அகலத்திற்குப் புல்லை அறுத்து, மண் தெரிய உழுதுவிடுங்கள். புல் வீணாகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். அறுத்த புல் மாட்டுக்குத்தானே போகிறது! சாலையோரக் காடானால் அந்தப் பக்கத்தை முதலில் மேய்த்துவிடலாம். வரப்புக் குப்பையைக் கொளுத்துவதை மாசி, பங்குனியில் அறவே நிறுத்த வேண்டும்.