ஆர்மோனியக் கட்டைகளும் இசைமேதையும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் காலை வேளையில் ஒலிக்கும் நாட்டுப்பண்ணை இயற்றியவர் சுபிர் சயித். தமிழ் விழா மேடைகளில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். முன்னது 1958இல் இயற்றப்பெற்று, 1959ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நாட்டுப்பண்ணாயிற்று. பின்னது, பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பகுதி. 1970இல் தமிழக அரசு அதனை விழாத் தொடக்கப் பாடலாக ஏற்றபோது விசுவநாதன் அதனை மோகன இராகத்தில் அமைத்தார். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது.

இவ்விருவருள் ஒருவரும் இசைக் கல்லூரியின் படியை மாணவராக மிதித்தவர் அல்லர். சுபிர் சயித் சுமத்திராவின் புக்கிட்டிங்கியில் 1907இல் பிறந்தவர். இசை வேண்டாவெனத் தந்தையார் தடுத்தும் கேளாது, 1928இல் சிங்கப்பூருக்கு வந்து, பங்சாவான் என்னும் மலாய் நாடகக் குழுவில் சேர்ந்து தொழில் கற்றார். விசுவநாதன் கற்ற இடம் அதனினும் எளியது. ஆர்மோனியப் பெட்டி ஒன்றும், அதனைத் தொட இசைவு கிடைத்த சில பொழுதுகளுமே அவருடைய கல்லூரி எனலாம்.

அவர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தால் மெட்டுகள் ஊற்றெடுக்கும் என்பது திரையுலகில் பழகிய பேச்சு. அஃது எவ்வாறு நிகழ்ந்தது? அருள் என்று சொல்லிக் கைகூப்பிவிடுவது எளிது. ஆனால் கற்பிக்கும் தொழிலில் உள்ளோர்க்கு அவ்விடை பயன்படாது. அருள் எங்கிருந்து எவ்வழியாக வந்தது என்று கேட்டுப் பார்ப்பதே முறை.

முதலில் அக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. 1842இல் பாரிசு நகரத்தில் தெபேன் என்பார் அதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கே அது காலால் மிதித்து வாசிக்கப்படும் மேசைபோன்ற கருவி. தரையில் அமர்ந்து பாடும் நம் நாட்டுப் பழக்கத்துக்கேற்ப, கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாக அதனை மாற்றியமைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இருந்த கருவி செய்வோர். இம்மாற்றத்தால் ஒரு விளைவு ஏற்பட்டது. பியானோவில் இரு கைகளும் கட்டைகளின்மேல் ஓடும். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது. எஞ்சிய ஐந்து விரல்களே பாட்டு முழுவதையும் தாங்க வேண்டும்.

தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியக்காரரைப் பின்பாட்டுக்காரர் என்பர். பெயர்தான் பின்பாட்டு, நாடகத்தை இழுத்துச் செல்பவர் அவரே. நடிகர் நினைத்த இடத்தில் நின்று, நினைத்த அளவு இராகத்தை விரித்து, நினைத்தபோது வசனத்துக்குத் திரும்புவார். எழுதி வைத்த தாள் ஏதுமில்லை. அடுத்து எங்கே போவார் என்பதை மூச்சைக் கொண்டே உணர்ந்து, விரல் அங்கே முன்கூட்டிக் காத்திருக்க வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார் என்பது நாடக இரசிகர் அறிந்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற தமிழ் நாடகக் குழுக்களோடு இப்பெட்டியும் கப்பலேறி வந்தது. தேக்காவைச் சுற்றியுள்ள கோயில்களில் பசனை நடக்கும்போது இன்றும் அது ஒலிக்கக் கேட்கலாம்.

இத்துணைப் பரவலான கருவியைத்தான் அனைத்திந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அவ்விலக்குத் தளர 1971 ஆயிற்று. இரவீந்திரநாத் தாகூரும் இக்கருவியை விரும்பாதவர். எதிர்ப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கட்டைக் கருவியில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே வெற்றிடம். வீணையில் தந்தியை இழுத்தும், வயலினில் விரலைச் சறுக்கியும், குரலில் குழைத்தும் பிறப்பிக்கும் கமகம் அதில் பிறக்காது. எட்டுச் சுர எல்லைக்குள் பன்னிரண்டு படிகளைச் சம அளவாக வெட்டிவைத்த ஏணி அது. நம் இசையோ சாய்தளத்தில் வழுக்கி ஏறுவது. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ஆர்மோனியத்தைக் கச்சேரிக்கு ஆகாது என்று தள்ளிய வித்துவான்களும் தங்கள் சுருதியை ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்றுதான் இன்றுவரை சொல்கின்றனர். அக்கட்டை ஆர்மோனியத்தின் கட்டையே. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு அரை. பெட்டியை வெளியே தள்ளியும் அதன் அளவுகோலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

விசுவநாதன் இக்குறையை எவ்வாறு கடந்தார் என்பதில்தான் அவர் கலையின் சூட்சுமம் இருக்கிறது. அவர் வாசிக்கும்போது பாடினார். பாடல் அமைக்கும் கூட்டத்தில் இயக்குநர் காட்சியைச் சொல்வார். கவிஞர் எதிரே அமர்ந்திருப்பார். விசுவநாதன் துருத்தியை அசைத்துத் தத்தகாரத்தில் மெட்டைப் பாடத் தொடங்குவார். கட்டைகள் சுரத்தின் நிலையைக் காட்டின. சுரங்களுக்கு இடைப்பட்ட நெளிவு, குழைவு, ஏக்கம் யாவும் குரலில் நிகழ்ந்தன. பெட்டியால் இயலாததை மிடறு செய்தது. ஒரு மெட்டு பிடிக்கவில்லையாயின் அதன் முதல் அடியை வைத்துக்கொண்டு இரண்டாம் அடியை வேறு திசையில் திருப்புவார். அல்லது தாளநடையை மாற்றுவார். அல்லது முற்றிலும் வேறொன்று. கண்ணதாசனின் சொற்கள் மெட்டுக்கு வந்ததும் உண்டு. மெட்டு சொற்களுக்கு வந்ததும் உண்டு.

கருநாடக இசையில் இதற்கு ஒத்த ஆற்றலை மனோதர்மம் என்கிறோம். ஆலாபனையும் கற்பனைச் சுரமும் முன்னரே எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் வெறுமையிலிருந்து வருபவையும் அல்ல. பாடகர் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்களை நெஞ்சிலே வைத்திருக்கிறார். இராகத்தின் பிடிகள் அவற்றினுள் கரைந்து கிடக்கின்றன. வேண்டியபோது அவை புது வரிசையில் எழுகின்றன. ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. 1747இல் பிரசிய மன்னர் பிரடெரிக் ஒரு சுரக்கோவையைக் கொடுத்து, அதனைக் கொண்டு அங்கேயே வாசிக்குமாறு பாக் என்னும் பெரும் இசையாசிரியரைக் கேட்டார். பாக் மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திவரும் அமைப்பில் அதனை உடனே வாசித்துக் காட்டினார். அப்போது அவருக்கு அகவை 62. அந்த ஒரு மாலைக்குப் பின்னால் அரை நூற்றாண்டுப் பயிற்சி நின்றது.

விசுவநாதனுக்குப் பின்னால் நின்றவை எவை? 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்து, கண்ணூரில் பாட்டனாரிடம் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் கருநாடக இசையின் அடிப்படை கிடைத்தது. திரையரங்கில் தின்பண்டம் விற்கும் பையனாக இருந்தபோது ஒவ்வொரு படத்தின் பாடல்களும் காதில் விழுந்தன. அதுவும் ஒரு முறையன்று, நாள்தோறும். நடிகராகும் ஆசையோடு ஜூபிடர் நிறுவனத்துக்குச் சென்றவருக்குக் கிடைத்தது ஏவல் செய்யும் வேலை. இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தை ஆளில்லாத வேளையில் வாசித்துப் பார்த்தார் என்றும், அவ்வாறு பிறந்த ஒரு மெட்டு நாயுடுவின் படத்திலேயே இடம்பெற்றது என்றும் சொல்வதுண்டு. பின்னர் சி. ஆர். சுப்பராமன் குழுவில் ஆர்மோனியக் கலைஞரானார். அங்கே வயலின் கலைஞராயிருந்தவர் திருச்சி டி. கே. இராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தபோது, முற்றுப்பெறாதிருந்த பணியை இவ்விருவரும் ஏற்று முடித்தனர். 1965 வரை இரட்டையராய்த் தமிழ்த் திரையிசையை ஆண்டனர்.

இவ்வரலாற்றில் வறுமையை மட்டும் பிரித்தெடுத்து, வறுமையே மேதையை வளர்த்தது என்று சொல்வோர் உளர். அது பிழை. தின்பண்டம் விற்ற பிள்ளைகள் ஆயிரவர். அவர்களுள் எத்தனை பேர் இசையமைப்பாளராயினர்? இங்கே உண்மையில் வேலை செய்தவை வேறு. சிறுவயதில் செவியை நிரப்பிய பலவகை ஓசைகள். ஒழுங்கு கற்பித்த ஒரு பாகவதர். தேர்ந்த கலைஞர் குழுவினுள்ளே அன்றாட வேலை. படக்கம்பெனிக்கு நாளைக்குள் பாட்டு வேண்டும் என்னும் நெருக்கடி. ஒருவேளை இவற்றுள் கடைசியானதே மிகுந்த வலியுடையதாகலாம். காத்திருக்கும் கவிஞர் எதிரே இருக்கையில், அடுத்த மெட்டு வரும்வரை தாமதிக்க முடியாது.

அறிவியலாரும் இவ்வினாவை விடவில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர் லிம்ப், பிரான் என்னும் இருவர் ஜாஸ் பியானோ கலைஞர் அறுவரை மூளைப்படம் எடுக்கும் கருவியினுள் கிடத்தி, சிறு கட்டைப் பலகையைக் கொடுத்து வாசிக்கச் செய்தனர். மனப்பாடமாக வாசித்தபோதும் தாமே கற்பித்து வாசித்தபோதும் மூளையின் செயலை ஒப்பிட்டனர். தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதி கற்பனையின்போது அடங்கியிருந்தது. தன் அனுபவத்தை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய நடுப்பகுதி ஓங்கியிருந்தது. அறுவரை மட்டும் வைத்துப் பெரிய முடிவு கட்டுவது தகாது. எனினும், பிழை நேருமோ என்ற அச்சம் மேலோங்கியிருக்கும் மாணவனிடம் கற்பனை ஏன் முடங்குகிறது என்பதற்கு இஃது ஒரு குறிப்பாகலாம்.

பயிற்சியின் அளவைப் பற்றியும் வாதம் உண்டு. 1993இல் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்லூரியில் நடத்திய ஆய்வில், மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் மணி நேரம் தனிப்பயிற்சி செய்திருந்தனர். இதனைப் பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் மேதையாவார் என்று திரித்துப் பரப்பிவிட்டனர். 2014இல் சுவீடன் நாட்டு இரட்டையர்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. சுருதி, தாளம் ஆகியவற்றைப் பிரித்துணரும் திறனில், மிகுதியாகப் பயின்றவரும் குறைவாகப் பயின்ற அவருடைய இரட்டையரும் வேறுபடவில்லை. பயிற்சியில் ஈடுபடும் நாட்டமே ஓரளவு பிறப்போடு வருகிறது என்றும் தெரிந்தது. ஆனால் அங்கே அளந்தது செவியின் நுட்பத்தை. மெட்டுக் கட்டும் வளத்தை அன்று. பாலக்காட்டிலோ பெர்லினிலோ பிறந்த செவி எவ்வளவு கூரியதாயினும், அதற்குள் எந்த இசை நிரம்புகிறது என்பதைச் சூழலே முடிவு செய்யும்.

இங்குச் சிங்கப்பூரைப் பற்றி ஒரு சொல். பியானோ கற்கும் பிள்ளைகள் இந்நகரில் மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1889இல் தோன்றிய அரச இசைப்பள்ளிகளின் கூட்டு வாரியம் நடத்தும் எட்டுப் படித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகின்றனர். குறித்த உருப்படிகள், சுரவரிசைகள், பார்த்த மாத்திரத்தில் வாசித்தல், செவிச் சோதனை என எல்லாம் ஒழுங்கானவை, பயனுள்ளவை. 1999 முதல் ஜாஸ் பியானோவுக்கெனத் தனித் தேர்வும் உண்டு. அதிலே தாமே இட்டுக்கட்டி வாசிக்கும் பகுதியும் இருக்கிறது. ஆயினும் எட்டாம் படியைத் தேறியும் தாமாக ஒரு வரி வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளைக் காண்பது அரிதன்று. மாறாக, 1960இல் இங்கே பிறந்த ஜெரமி மொன்தெய்ரோ 1976லேயே தொழில்முறைக் கலைஞராக மேடையேறிவிட்டார். 1988இல் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ ஜாஸ் விழாவில் அமெரிக்க மூத்த கலைஞர் இருவரோடு வாசித்தார். 2002இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவரும் முறையான பயிற்சியிலிருந்து தொடங்கியவரே. ஆனால் மேடையில் மற்றவர் வாசிப்பதற்கு அக்கணமே விடைகூறும் பழக்கம் தேர்வு அறையில் கிடைப்பதன்று.

மொழியிலும் இதுவே நடக்கிறது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். கட்டுரையை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெறும் மாணவன், இடைவேளையில் தமிழில் ஒரு கதை சொல்லச் சொன்னால் விழிக்கிறான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 36.7 விழுக்காடு, 2020இல் அது 27.9 ஆயிற்று. செவியில் நிரம்பாத மொழியில் கற்பனைச் சுரம் எங்ஙனம் பிறக்கும்?

விசுவநாதனுக்குச் சிங்கப்பூரோடு ஓர் உறவு உண்டு. 1979இல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் பெரும்பகுதி இங்கே எடுக்கப்பட்டது. ஓர் இசைக்குழுவின் பயணக் கதை அது. பாடல்களே அதன் உயிர். ஆர்மோனியப் பெட்டியிலிருந்து எழுந்த மெட்டுகள் கித்தாரும் மின்னணுக் கட்டைப் பலகையும் ஒலிக்கும் இளைஞர் இசையாக மாறியதை அப்படத்தில் கேட்கலாம். 2015ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

அவருடைய தமிழ்த்தாய் வாழ்த்து மெட்டை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு வழி உண்டு. பள்ளியிலுள்ள எந்தக் கட்டைப் பலகையிலும் நாலரைக் கட்டையை, அதாவது மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்துள்ள கூட்டத்தின் முதற் கட்டையைச் சட்சமாகக் கொள்க. அங்கிருந்து வெள்ளைக் கட்டை எதனையும் தொடாமல் கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் ச, ரி, க, ப, த என்னும் மோகனத்தின் ஐந்து சுரங்கள் வந்துவிடும். விரல் தவறிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் பட்டாலும் அபசுரம் ஆகாது; வேறொரு மோகனப் பிடியே ஆகும். சீனரின் பழைய இசையிலும் இவ்வைந்து சுரங்களே வழங்குகின்றன. ஆதலின் அடுத்த மேசையில் இருக்கும் சீனப் பிள்ளையும் அவற்றைக் கேட்டவுடன் தனக்குத் தெரிந்த ஒரு பாட்டைத் தேடி வாசிக்கத் தொடங்கிவிடுவான்.