ஊட்டி உயரத்தில் ஓர் இருக்கை

கீமோ முடிந்து, கரண்ட் வைத்து முடிந்து, தலையில் முடியும் கொஞ்சம் வளரத் தொடங்கிய பிறகு பல வீடுகளில் ஒரு பேச்சு மெதுவாக எழும். கல்யாணமான நாளிலிருந்து போக நினைத்த காசி, மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் சிங்கப்பூர், ஒவ்வொரு மே மாதமும் தள்ளிப்போன காஷ்மீர். எழுந்த வேகத்திலேயே அந்தப் பேச்சு அடங்கியும்விடும். "இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு. அலைச்சல் எதுக்கு? ஒரு வருஷம் போகட்டுமே" என்பார் வீட்டில் ஒருவர். நோயாளி வாதாட மாட்டார். அவருக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போய்வர நம் ரயில்வே ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை தருகிறது. நாகர்கோவிலிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சென்னைக்கு வரும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அப்படிப் பல மாதங்கள் போய்வந்தவருக்கு ரயில் என்றாலே ஆஸ்பத்திரி என்று மனம் பழகிவிடுகிறது. அவர் வேறொரு காரணத்துக்காகவும் ரயில் ஏற வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு, பயத்தில் எது உண்மையான ஆபத்து, எது செவிவழிப் பேச்சு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அலைந்தால் நோய் திரும்பிவிடும் என்பது செவிவழிப் பேச்சு. பயணம் போனதால் புற்றுநோய் திரும்பியது என்பதற்கு ஆதாரம் கிடையாது. சிகிச்சைக்குத் தப்பி உடலில் எங்கோ தங்கிவிட்ட செல்கள்தான் நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன. அவற்றுக்கு நாம் வீட்டில் இருக்கிறோமா, வெளியூரில் இருக்கிறோமா என்பது பொருட்டல்ல. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. சாவு, பிரிவு போன்ற பெரிய துயரங்களைச் சந்தித்தவர்களுக்குக்கூட மற்றவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பவில்லை. துயரமே திருப்பிக் கொண்டுவராத நோயைச் சுற்றுலா கொண்டுவரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது விமானம். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகவே வைத்திருக்கிறார்கள். ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. அதாவது, விமானத்தில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஊட்டிக் காற்று. சென்னையில் 97, 98 சதவீதமாக இருக்கும் ரத்த ஆக்சிஜன் அளவு அங்கே 90-களின் தொடக்கத்துக்கு இறங்கலாம். நல்ல நுரையீரலும் போதிய ரத்தமும் இருந்தால் உடல் அதைச் சமாளித்துவிடும். ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருப்பவர்கள், நுரையீரலில் நீர் கோத்திருப்பவர்கள், அண்மையில் மார்பிலோ மூளையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது. கேதார்நாத் இன்னும் உயரம், 11,700 அடிக்கு மேல். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தியிருக்கும். அந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் மலைக்கோயிலுக்குத் திட்டமிடுமுன் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் பயம் வாழ்நாள் முழுக்க உண்டு. கனமானதைத் தூக்காதே, அந்தக் கையில் ஊசி போடாதே, விமானத்தில் போகாதே என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவரான டான் மெக்கன்சி இந்த அறிவுரைகளைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 1996-இல், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டி, டிராகன் படகு என்னும் சீன நீள்படகில் துடுப்புப் போடப் பயிற்சி கொடுத்தார். தோளும் கையும் இடைவிடாமல் உழைக்க வேண்டிய விளையாட்டு அது. அந்தக் காலத்து அறிவுரைக்கு நேர் எதிரானது. யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் அது கூடவில்லை.

அந்தப் படகு இன்று பல நாடுகளில் ஓடுகிறது. டிராகன் படகுப் போட்டி ஒன்றுக்காகக் கனடாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் பறந்து வந்த பெண்களின் கைகளை ஆய்வாளர்கள் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். பசிபிக் கடலைத் தாண்டிய அவ்வளவு நீண்ட பயணத்துக்குப் பிறகும் பெரும்பாலோரின் கைகளில் மாற்றமில்லை. 2016-இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 632 நோயாளிகளின் கைகளை அளந்து வெளியிட்ட முடிவும் விமானப் பயணத்துக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு காணவில்லை. உடல் பருமன், நெறிக்கட்டிகளை முழுமையாக எடுத்தது, கையில் கிருமித்தொற்று ஏற்படுவது போன்றவற்றுக்கே தொடர்பு இருந்தது. ஆகவே அந்தக் கையில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்காமல் பார்த்துக்கொள்வதும், சிறு கீறலுக்கும் உடனே மருந்து போடுவதும் விமானத்தைத் தவிர்ப்பதைவிட முக்கியம். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் வழக்கமாக அணியும் கம்ப்ரஷன் ஸ்லீவைப் பயணத்திலும் அணிய வேண்டும்.

உண்மையாகவே பயப்பட வேண்டியது ரத்தக் கட்டிக்கு. புற்றுநோய்க்கும் காலில் ரத்தம் உறைவதற்கும் உள்ள உறவை 1860-களில் எடுத்துச் சொன்னவர் பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூஸோ. பின்னர் தன் உடலிலேயே அதே அறிகுறியைக் கண்டு, தனக்கு வந்திருப்பது என்ன என்று புரிந்துகொண்டார். 1867-இல் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். புற்றுநோயாளிகளுக்கு ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 முதல் 7 மடங்கு அதிகம். அதன்மேல் பயணம் சேர்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் இந்த வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவெல்லாம் காலைத் தொங்கப்போட்டு வரும் பேருந்துப் பயணத்தை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் சாப்பிடும் டாமோக்சிஃபென் மாத்திரையும் ரத்தக் கட்டி வாய்ப்பைக் கூட்டக்கூடியது. நீண்ட பயணத்துக்கு முன் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். பயணத்தில் ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். நோயாளிகள் 'கவுன்ட் குறைஞ்சிடுச்சு' என்பது இதைத்தான். அந்த நாட்கள் பயணத்துக்கு உகந்தவை அல்ல. கவுன்ட் குறைந்திருக்கக்கூடிய காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். அதனால் போகிற ஊரில் நல்ல மருத்துவமனை எங்கே என்று தங்குமிடத்தைத் தேடும்போதே பார்த்துவிட வேண்டும். தர்மாமீட்டர் பெட்டியில் இருக்கட்டும். ஆப்பிரிக்கா செல்ல நினைப்பவர்கள் கவனிக்க: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வலுவிழந்த கிருமியால் ஆனது. கீமோ முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது ஆகாமல் அதைப் போடக் கூடாது.

பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் பாதங்களை மரத்துப்போகச் செய்யும். நம் ஊர் யாத்திரைகளில் இதை யாரும் எச்சரிப்பதாகத் தெரியவில்லை. நண்பகலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்கும்போது சூடு உறைக்காது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ராமேஸ்வரத்தின் 22 தீர்த்தங்களில் நனைந்து ஈரத் தரையில் நடக்கும்போது வழுக்குவதும் தெரியாது. காலை ஆறு மணிக்குத் தரிசனம் வைத்துக்கொள்ளலாம், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கலாம், இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கலாம். திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரையும் நடந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்பதில்லை.

காகிதங்களும் முக்கியம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களின் உடலை விமான நிலையக் கருவிகள் வாரக்கணக்கில் அடையாளம் காணக்கூடும். மருத்துவர் கடிதம் கையில் வேண்டும். மார்ஃபின் போன்ற வலி மருந்துகளை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன்அனுமதி தேவை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பயம் மிச்சமிருக்கும்: திரும்பி வந்தால் நோய் திரும்பியிருக்குமோ? இதையும் அறிவியல் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. கவலையோடு மல்லுக்கட்டாமல் அதைக் கடந்துபோகவும், தனக்கு எது முக்கியமோ அதை நோக்கித் திட்டமிடவும் சில அமர்வுகளில் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தப் பயம், தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வேறொன்றைக் காட்டியது: சுற்றுலா போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தது கிளம்புவதற்கு முந்தைய நாட்களில்தான். ஒரு வருடமாக ஸ்கேன் தேதிகளை மட்டுமே எதிர்பார்த்திருந்தவருக்கு நாட்காட்டியில் இன்னொரு தேதி கிடைப்பது சிறிய விஷயமல்ல.

நோய் பரவிவிட்டவர்களுக்குச் 'சிகிச்சை முடிந்த பிறகு' என்ற காலமே இருக்காது. மருந்து தொடர்ந்துகொண்டே இருக்கும். அவர்களிடம் 'ஒரு வருஷம் போகட்டும்' என்று சொல்வது கொடுமை. குணமாக்கும் நோக்கத்தில் கொடுக்கும் கீமோவின் தேதியை நகர்த்தக் கூடாது. நோயைக் கட்டுப்பாட்டில் வைக்கக் கொடுக்கும் மருந்தைச் சில சமயம் ஒரு வாரம் தள்ளிவைக்க முடியும். அதை மருத்துவராகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை நாள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போய், அடுத்த மறுபரிசோதனையின்போது நீங்களே கேளுங்கள்.