கடலில் வீடு, கையில் பத்திரமில்லை

சபா மாநிலத்தின் செம்பூர்ணா கடலில் வாழும் பஜாவ் லாவுட் மக்களுக்கு ஒரு காலத்தில் 'லெப்பா' படகுதான் வீடு. சமைப்பது, உறங்குவது, பிள்ளை பெறுவது எல்லாம் அதில்தான். அந்தப் படகை அலங்கரித்து நடக்கும் ரெகாத்தா லெப்பா விழாவுக்குச் சுற்றுப்பயணிகள் திரள்கிறார்கள். படகுக்காரர்களின் நிலைமைதான் வேறு.

இப்போது பலர் ஆழமில்லாத கடலில் மரக்கால் நட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். நாட்டு எல்லைகள் வரையப்படுவதற்கு முன்பே இந்தக் கடலில் திரிந்த இனம் இது. ஆனால், படகில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் எடுப்பது யார்? பத்திரம் இல்லையென்றால் அடையாள அட்டை இல்லை. அரசாங்கப் பள்ளியில் சேருவதும் பெரும்பாடு. நம் சமூகத்திலும் இந்தத் தொல்லையை அனுபவித்த குடும்பங்கள் உண்டு.

2024 ஜூனில் துன் சக்காரான் கடல் பூங்காவில் இவர்களின் வீடுகள் பல உடைக்கப்பட்டன. பாதுகாப்பும் எல்லை தாண்டிய குற்றங்களும் காரணம் என்றது மாநில அரசாங்கம். சரி, கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள்?