கிட்டங்கியில் பெட்டி தள்ளத் தெரியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் சினிமாப் பாட்டு, இரண்டாவது வாரம் சீட்டாட்டம். மூன்றாவது வாரம் "இதை வைத்து வேறு என்ன செய்வது?" என்ற கேள்வி வந்துவிடும். உத்தமபாளையத்தில் என் அக்கா வீட்டிலும் அதுதான் நடந்தது. பத்தாவது படிக்கும் அக்கா மகன் துப்பாக்கிச் சண்டை கேம் கேட்டான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அது ஓடாது. எனவே நான் போட்டுக் கொடுத்தது சோகோபான்.

ஜப்பானிய மொழியில் சோகோபான் என்றால் கிட்டங்கிக் காவலர். ஹிரோயுகி இமாபயாஷி என்பவர் 1981-ல் உருவாக்கிய இந்த விளையாட்டை, திங்கிங் ராபிட் நிறுவனம் 1982 டிசம்பரில் வெளியிட்டது. கிட்டங்கிக்குள் சில பெட்டிகள், அவற்றை வைக்கக் குறித்த இடங்கள், நடுவில் ஓர் ஆள். அம்புக்குறி கீகளால் ஆளை நகர்த்திப் பெட்டிகளைத் தள்ள வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். விதிகள் இவ்வளவே. போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மூட்டையை மூலையில் முட்டவிட்டு, பின்பக்கம் போக வழியில்லாமல் நிற்பதுதான் இந்த விளையாட்டு.

நாற்பது வருடம் தாண்டியும் இது உயிரோடு இருப்பதற்குக் காரணம் கம்பெனி அல்ல, ரசிகர்கள். புதிய லெவல்களை அவர்களே வடிவமைக்கிறார்கள். அமெரிக்காவின் டேவிட் ஸ்கின்னர் 2000-ல் வெளியிட்ட மைக்ரோபான் தொகுப்பில் 155 சிறிய லெவல்கள் உள்ளன. பெயரைக் குறிப்பிட்டால் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்று அனுமதியும் கொடுத்தார். புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. பழைய ஒரிஜினல் லெவல்களில் கை வைத்தால் இரண்டே நாளில் வெறுத்துவிடும்.

லெவல் தயாரிக்கப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. நோட்பேட் போதும். சுவருக்கு ஹேஷ் (#), பெட்டிக்கு டாலர் ($), வைக்க வேண்டிய இடத்துக்குப் புள்ளி (.), ஆளுக்கு @. காலித் தரைக்கு ஸ்பேஸ் அல்லது சிறு கோடு (-). குறித்த இடத்தில் ஏற்கெனவே பெட்டி இருந்தால் நட்சத்திரம் (*), ஆள் நின்றால் கூட்டல் குறி (+). இதோ ஒரு குட்டி லெவல். நோட்பேடில் இப்படியே டைப் செய்யுங்கள்:

######
#----#
#-$@-#
#--.-#
######

இதைக் காப்பி செய்து, சோகோபான் யாஸ்க் அல்லது ஜேசோகோ புரோகிராமில் பேஸ்ட் செய்யுங்கள். இரண்டும் இலவசம். நீங்கள் டைப் செய்தது படமாக மாறி நிற்கும். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

எடுத்தவுடன் இடது கீயை அழுத்திவிடாதீர்கள். பெட்டி இடது சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேலும் கீழும்தான் போகும், புள்ளிக்கு வரவே வராது. அன்டூ செய்துவிட்டு மேல், இடது, இடது, கீழ், வலது, மேல், வலது, கீழ் என்று அழுத்துங்கள். 8 அடியில் முடிந்தது. சரி, மேல், இடது, கீழ், இடது, கீழ், வலது என்று போய்ப் பாருங்கள். அதே வேலை 6 அடியில்! இரண்டு வழியிலும் பெட்டியைத் தள்ளியது 2 தடவைதான்.

ரசிகர்களின் போட்டியே இதில்தான் இருக்கிறது. லெவலை முடிப்பது மட்டும் சாதனை அல்ல. குறைந்த அடிக்கு ஒரு கணக்கு, குறைந்த தள்ளலுக்கு ஒரு கணக்கு. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடிவிடும். பொய்க் கணக்கும் சொல்ல முடியாது. விடையை எல், யு, ஆர், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் எழுதி அனுப்ப வேண்டும். வெறும் நடைக்குச் சிறிய எழுத்து, தள்ளலுக்குப் பெரிய எழுத்து. யார் வேண்டுமானாலும் அதை ஓடவிட்டுச் சரிபார்க்கலாம்.

அக்கா மகன் ஒரு மாதத்தில் ஆறு பெட்டி வைத்து "போடி கிட்டங்கி" என்று ஒரு லெவல் செய்தான். ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன், நடக்கவில்லை. "மாமாவுக்கு வயசாயிருச்சு" என்றான். யாஸ்க்கில் உள்ள சால்வரை ஓடவிட்டோம். விடையே இல்லை என்று வந்தது. ஒரு புள்ளிக்குள் பெட்டியைத் தள்ள ஆள் நிற்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. இந்தத் தவறைத் தவிர்க்க அனுபவசாலிகள் லெவலைத் தலைகீழாக உருவாக்குகிறார்கள். பெட்டிகளை முதலில் புள்ளிகளில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வருவார்கள். இழுத்து வர முடிந்தால், வந்த வழியே தள்ளவும் முடியும் அல்லவா?

சால்வரையும் முழுக்க நம்ப வேண்டாம். மேலே உள்ள குட்டி லெவலில் தரை 12 கட்டம். பெட்டியும் ஆளும் நிற்கக்கூடிய நிலைகள் 132 மட்டுமே. 40 கட்டமும் 4 பெட்டியும் இருந்தால் அது சுமார் 33 லட்சம். பெட்டியை 10 ஆக்கினால் 2,500 கோடியைத் தாண்டும். இந்தப் புதிரை எளிதில் தீர்க்க முடியாத கணக்கு வகைகளில் ஒன்றாக ஜோசப் கல்பர்சன் 1997-ல் நிரூபித்தார். பெரிய லெவலில் சால்வர் மணிக்கணக்கில் ஓடி, பதில் சொல்லாமலே நின்றுவிடலாம்.

பையன் ஒரு ஹேஷை அழித்து வழி திறந்தான். அவன் நினைத்த விடை 212 அடி. லெவலைக் கம்பத்தில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினான். மறுநாளே 140 அடியில் விடை வந்தது! திறந்த சுவர் வழியாகவே அந்தப் பையன் குறுக்கே புகுந்துவிட்டான். நம் ஆள் நம்பவில்லை. எங்காவது ஒரு எழுத்தாவது தப்பாக இருக்காதா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். எல்லாம் சரி. இரண்டு நாள் நண்பனோடு பேச்சு இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வடிவமைத்தவன் நினைத்த வழியில்தான் ஆட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

புதிர்ப் போட்டியெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுடோகு போட்டி 2008-ல் கோவாவிலும், சுடோகு, புதிர் இரண்டுக்குமான உலகப் போட்டிகள் 2017-ல் பெங்களூரிலும் நடந்தன. இந்தியாவில் தேசியப் போட்டிகளை நடத்தும் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியாவிலும் ஆடுபவர்களே புதிர் தயாரித்துக் கொடுப்பது வழக்கம்.

மூன்றாம் நாள் அவனே கம்பத்துக்குப் போன் செய்தான். இப்போது இருவரும் சேர்ந்து அதே கிட்டங்கியைத் திருத்துகிறார்கள். குறுக்கு வழியை அடைத்தால் விடை போய்விடுகிறது, திறந்தால் 140 அடி. ஒரு பெட்டியை ஒரு கட்டம் வலது பக்கம் நகர்த்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.